புது ரீஃப் டேங்கில் நைட்ரேட், பாஸ்பேட்டைச் சமாளிப்பது எப்படி: தண்ணீர் ஊற்றுவதிலிருந்து முதல் அக்ரோபோரா வரை

புது ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்தவர்கள் பயப்படுவதெல்லாம் மீன் சாப்பாட்டிலிருந்தும் கழிவிலிருந்தும் சேரும் சத்துகளான நைட்ரேட் ஏறிவிடுமோ, பாஸ்பேட் ஏறிவிடுமோ என்றுதான். அந்தப் பயத்தில் முதல் மாதத்திலேயே பெரிய ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கி வெளியேற்றும் கருவி), ஜிஎஃப்ஓ ரியாக்டர் (பாஸ்பேட்டைப் பிடிக்கும் இரும்பு ஆக்சைடு பொடி போட்ட குழாய்), ரெஃப்யூஜியம் (பாசி வளர்க்கும் தனி அறை), பாக்டீரியா பாட்டில் என்று எல்லாவற்றையும் மாட்டிவிடுகிறார்கள். உள்ளே மீனோ இரண்டே இரண்டு, சாப்பாடோ ஒரு சிட்டிகை. டெஸ்ட் எடுத்தால் இரண்டும் பூஜ்யம். அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் மணல் மேல் பழுப்பு நிறத்தில் கோழை படர்கிறது, அதற்குள் குமிழி கட்டி நிற்கிறது, நத்தைகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. புது டேங்கைப் பொறுத்தவரை 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) நைட்ரேட்டை விட 0 பிபிஎம் நைட்ரேட்தான் ஆபத்து என்பது என் கட்சி. கீழே வரும் எல்லாப் படிகளும், கடைசியில் அக்ரோபோரா என்ற கடினமான கல் பவளத்தை வைப்பது வரை, அந்தக் கட்சியை ஒட்டித்தான் போகும்.

எந்த எண்ணை நோக்கிப் போவது

புது டேங்குக்கு நான் சொல்லும் வரம்பு நைட்ரேட் 5 முதல் 15 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.10 பிபிஎம். சாஃப்ட் கோரல் (கல் எலும்பு இல்லாத மென்பவளம்), எல்பிஎஸ் (பெரிய பாலிப் கொண்ட கல் பவளம்) வகைகள் மட்டும் இருந்தால் இதற்கு மேலே கொஞ்சம் போனாலும் அவை கண்டுகொள்ளாது.

கடலில் இதில் ஒரு சிறு பங்குதானே இருக்கிறது, நாமும் ஏன் அவ்வளவு குறைவாக வைக்கக் கூடாது என்று கேட்பவர்கள் உண்டு. கடலில் கரைந்திருக்கும் சத்து குறைவுதான். ஆனால் அங்கே இரவும் பகலும் மிதவை உயிரிகள் பவளத்தின் வாய்க்கு நேராக வந்துகொண்டே இருக்கின்றன, மேலே மீன் கூட்டங்கள் கழிவை விட்டபடியே நீந்துகின்றன. டேங்கில் அந்த வரத்து கிடையாது, அதனால் தண்ணீரில் கரைந்திருப்பது கொஞ்சம் கூடுதலாக இருந்தால்தான் ஈடாகும். பவளத்துக்குள் குடியிருக்கும் ஜூசாந்தெல்லே பாசிக்குப் புரதம் கட்ட நைட்ரஜன் வேண்டும், செல் சவ்வுக்கும் டிஎன்ஏவுக்கும் பாஸ்பரஸ் வேண்டும். இரண்டில் ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிட்டால்தான் பெரிய சிக்கல். 2013ல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், நைட்ரேட் நிறையக் கிடைத்து பாஸ்பேட் பட்டினி கிடந்த பவளங்கள் வெப்பத்துக்கும் வெளிச்சத்துக்கும் எளிதில் வெளுத்துப்போயின. நைட்ரேட் 25, பாஸ்பேட் 0 என்று எழுதி வைத்திருக்கும் டேங்கைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குவது இதனால்தான்.

அப்புறம் ரெட்ஃபீல்ட் விகிதம். ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கடலியலாளர் மிதவை உயிரிகளில் கண்ட கணக்கு அது: அணுக்களின் எண்ணிக்கையில் கார்பன் 106, நைட்ரஜன் 16, பாஸ்பரஸ் 1. நம் டெஸ்ட் கிட் காட்டும் நைட்ரேட், பாஸ்பேட் எடையாக மாற்றினால் சுமார் 10க்கு 1. அதைக் கொண்டுவந்து டேங்கில் நிறுத்துகிறேன் என்று ஒரு நாள் இதைக் கூட்டி மறுநாள் அதைக் குறைத்துத் திண்டாடாதீர்கள். இரண்டும் தனித்தனியாக வரம்புக்குள் இருந்தால் போதும், விகிதம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

படி 1: உள்ளே ஊற்றும் தண்ணீர்

ஆர்ஓ டிஐ தண்ணீர் (ஆர்ஓ சவ்விலும் பிறகு டிஐ ரெசினிலும் வடித்தது), டிடிஎஸ் (கரைந்திருப்பவற்றின் அளவு) 0. இதில் பேரம் இல்லை. குழாய்த் தண்ணீரிலும் கிணற்றுத் தண்ணீரிலும் நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட் எதுவும் எவ்வளவும் இருக்கலாம், அதை வைத்துத் தொடங்கினால் பின்னால் எந்தக் கணக்கும் நிற்காது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: டிஐ ரெசின் தீரப்போகும் நேரத்தில் முதலில் நழுவி வருவது சிலிகேட், அதை டிடிஎஸ் மீட்டர் சரியாகக் காட்டாது, ஏனென்றால் அது மின்சாரத்தைக் கடத்துவதை வைத்துத்தான் அளக்கிறது, சிலிகேட்டோ தண்ணீரில் பெரும்பாலும் மின்னேற்றம் இல்லாமல் கிடக்கிறது. அதனால் மீட்டர் 1 காட்டும் வரை காத்திராமல், ரெசினின் நிறம் முக்கால்வாசி மாறியதுமே மாற்றிவிடுங்கள். உப்பளவு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு).

படி 2: பாறை

இந்தப் படியை எல்லோரும் இரண்டு வரியில் தாண்டுகிறார்கள். ஆனால் முதல் ஆறு மாதத்துக்கு உங்கள் பாஸ்பேட் எண்ணைத் தீர்மானிப்பது மீன் சாப்பாட்டை விடப் பாறைதான்.

டிரை ராக், அதாவது உயிர் எதுவும் இல்லாத காய்ந்த பாறை, கால்சியம் கார்பனேட். அதன் மேற்பரப்பில் பாஸ்பேட் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் பாஸ்பேட் கூடும்போது பாறை இழுத்துக்கொள்கிறது, குறையும்போது வெளியே விடுகிறது. டேங்கின் பாஸ்பேட் பத்தாயமே அதுதான். இரண்டு மாதிரியான டிரை ராக் வரும். ஒருகாலத்தில் கடலிலோ வேறொருவர் டேங்கிலோ கிடந்து, மேலே ஒட்டியிருந்த உயிரெல்லாம் செத்துக் காய்ந்தது ஒன்று. அது பாஸ்பேட்டை மாதக்கணக்கில் கசியவிடும். வெட்டி எடுத்த பழைய பாறை அல்லது தொழிற்சாலையில் வார்த்தது இன்னொன்று. பெரும்பாலும் அது சுத்தமாக இருக்கும், நீங்கள் போடும் பாஸ்பேட்டையெல்லாம் அது விழுங்கும், டெஸ்டில் வாரக்கணக்கில் பூஜ்யம்தான் வரும்.

உங்களுடையது எது என்று தெரிந்துகொள்வது எளிது. ஒரு வாளியில் புதிதாகக் கலந்த உப்புத் தண்ணீரில் பாறையை ஊறப்போட்டு, சின்னப் பம்பு ஒன்றை ஓடவிட்டு, ஒரு வாரம் கழித்து பாஸ்பேட் பாருங்கள். 0.2க்கு மேல் ஏறியிருந்தால் தண்ணீரை மாற்றி மறுபடி ஊற வையுங்கள், ஏறுவது அடங்கும் வரை. பாஸ்பேட்டைப் பிடித்துப் படியவைக்கும் லாந்தனம் குளோரைடு பயன்படுத்த வேண்டுமென்றால் அதற்குச் சரியான இடம் இந்த வாளிதான், மீன் இருக்கும் டேங்க் அல்ல. ஒரு வாரத்துக்குப் பிறகும் பூஜ்யமென்றால் உங்களிடம் இருப்பது பசியுள்ள பாறை, இதைத் தெரிந்திருப்பது படி 7ல் உதவும்.

வளர்ந்த டேங்கிலிருந்தோ நம்பகமான இடத்திலிருந்தோ லைவ் ராக் ஒரு துண்டாவது கிடைத்தால் விடாதீர்கள். அதில் வரும் பலவகை பாக்டீரியாவும் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சிகளும் எந்தப் பாட்டிலிலும் கிடைக்காது, பின்னால் டைனோ (டைனோஃப்ளாஜெல்லேட் என்ற, கோழையாகப் படரும் நுண்ணுயிர்) வராமல் தடுப்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு. வேண்டாத விருந்தாளி ஒன்றிரண்டு கூட வரலாம், அதைச் சமாளித்துக்கொள்ளலாம்.

படி 3: சைக்கிள்

சைக்கிள் என்பது மீன் கழிவில் வரும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா டேங்கில் குடியேறும் காலம். அம்மோனியம் குளோரைடு ஊற்றி 2 பிபிஎம் வரை ஏற்றுங்கள், பாட்டில் பாக்டீரியா இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள், விளக்கை அணைத்தே வையுங்கள். 3 முதல் 6 வாரம் ஆகலாம், நல்ல பாக்டீரியாவும் லைவ் ராக்கும் இருந்தால் அதற்கும் குறைவு. 2 பிபிஎம் அம்மோனியா 24 மணி நேரத்தில் காணாமல் போனால் டேங்க் மீனுக்குத் தயார்.

நைட்ரைட்டைப் பார்த்துப் பதறாதீர்கள். நன்னீரில் அது விஷம், ஆனால் கடல் நீரில் இருக்கும் ஏராளமான குளோரைடு மீனின் செவுளில் அதை உள்ளே நுழையவிடாது. அது செய்யும் கெடுதல் வேறு: பல நைட்ரேட் கிட்கள் நைட்ரைட்டையும் சேர்த்து எண்ணும், கொஞ்சம் நைட்ரைட் இருந்தாலே நைட்ரேட்டைப் பல மடங்கு கூட்டிக் காட்டும். சைக்கிள் நடுவில் நைட்ரேட் 100 வந்துவிட்டது என்று பாதித் தண்ணீரை மாற்றுவதெல்லாம் இதனால் வரும் வீண் வேலை. நைட்ரைட் அடங்கும் வரை நைட்ரேட் கிட்டைத் திறக்கவே வேண்டாம்.

சைக்கிள் முடியும்போது எவ்வளவு நைட்ரேட் இருக்கும் என்று கணக்காகவே சொல்லலாம். 1 பிபிஎம் அம்மோனியா முழுவதும் மாறினால் சுமார் 3.6 பிபிஎம் நைட்ரேட். 2 பிபிஎம் வீதம் மூன்று முறை ஊற்றியிருந்தால் 22 பக்கம். இது மோசமான எண் அல்ல. 30க்கு மேல் போயிருந்தால் மட்டும் ஒரே தடவையில் பாதித் தண்ணீரை மாற்றிவிடுங்கள், உயிர் எதுவும் இல்லாத இந்த நேரத்தில் பெரிய மாற்றத்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் இங்கே பலரும் கவனிக்காத ஓட்டை ஒன்று இருக்கிறது. அம்மோனியம் குளோரைடில் நைட்ரஜன் இருக்கிறது, பாஸ்பரஸ் துளிகூட இல்லை. சுத்தமான பாறை, சுத்தமான தண்ணீர், பாட்டில் அம்மோனியா என்று தொடங்கிய டேங்கில் சைக்கிள் முடியும்போது நைட்ரேட் 20, பாஸ்பேட் 0 என்றுதான் நிற்கும், அதாவது மேலே சொன்ன அந்த மோசமான சேர்க்கை. பாக்டீரியா பெருகவும் பாஸ்பரஸ் வேண்டும் என்பதால் சில டேங்குகளில் சைக்கிளே பாதியில் நின்றுவிடும். அதனால் அம்மோனியாவோடு இரண்டு நாளுக்கு ஒரு தடவை ஒரு சிட்டிகை மீன் உணவையும் போடுங்கள். நாற்றமெல்லாம் வராது, பயப்பட வேண்டாம்.

படி 4: அளப்பது

பாஸ்பேட்டுக்கு நிறம் பார்த்துச் சொல்லும் கிட் வேண்டாம். 0.03க்கும் 0.08க்கும் உள்ள வித்தியாசத்தை வெளிர்நீலத்தில் கண்ணால் பிரிக்க முடியாது. ஹன்னாவின் சின்ன டிஜிட்டல் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எச்ஐ736 என்ற மாடல் பாஸ்பரஸை பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கில் காட்டும், அதை 3.066 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் பாஸ்பேட் பிபிஎம். திரையில் 20 வந்தால் 0.06. எச்ஐ774 நேராகவே பாஸ்பேட் பிபிஎம் காட்டும். கண்ணாடிக் குப்பியில் கைரேகையும் குமிழியும் இல்லாமல் துடைத்து, இரண்டு தடவையும் ஒரே பக்கம் பார்த்தபடி வையுங்கள், பொடியின் கடைசித் துகள் வரை உள்ளே கொட்டுங்கள், பாதி தப்பான ரீடிங் இந்த மூன்றில்தான் வருகிறது. எச்ஐ736ல் 5 பிபிபி வரை இங்கோ அங்கோ போகலாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார், அது பாஸ்பேட் கணக்கில் 0.015. ஆக நேற்று 0.05, இன்று 0.04 என்றால் எதுவும் மாறவில்லை என்று அர்த்தம். இரண்டு வாரத்துப் போக்கைப் பாருங்கள்.

நைட்ரேட்டுக்கு நிறம் பார்க்கும் கிட்டே போதும். சாலிஃபெர்ட் போன்றவற்றில் குப்பியைப் பக்கவாட்டில் பார்த்து 10 ஆல் வகுத்தால் குறைந்த அளவுகளும் தெரியும். பகல் வெளிச்சத்தில், ஒரே இடத்தில் நின்று பாருங்கள்.

முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு தடவை, ஒரே நேரத்தில், சாப்பாடு போடுவதற்கு முன் எடுங்கள். ஒரு நோட்டில் தேதி, நைட்ரேட், பாஸ்பேட், ஆல்கலினிட்டி (தண்ணீரின் கார்பனேட் அளவு), அன்றைக்குச் செய்த மாற்றம் என்று எழுதுங்கள். கடைசிப் பத்திதான் முக்கியம். ஐசிபி என்ற ஆய்வகச் சோதனைக்கு அனுப்பினால் அதில் வரும் பாஸ்பரஸ் எண் உணவுத்துகள், கரிமப்பொருள் எல்லாவற்றிலும் உள்ளதைச் சேர்த்தது, அதனால் உங்கள் கருவியோடு ஒத்துப்போகாது. இரண்டில் ஒன்று பொய் என்று நினைக்க வேண்டாம்.

பாறை முழுக்கப் பச்சைப் பாசி, டெஸ்டில் பூஜ்யம் என்றால் சத்து இல்லை என்று பொருளல்ல. உள்ளே வருவதைப் பாசி உடனுக்குடன் தின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

படி 5: மீனும் சாப்பாடும்

டேங்குக்குள் வரும் சத்து ஏறக்குறைய முழுவதும் சாப்பாடு வழியாகத்தான் வருகிறது. அதனால் இதுதான் உங்கள் கையில் இருக்கும் பெரிய குழாய். இரண்டு சின்ன மீனோடு தொடங்கி, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று என்று கூட்டுங்கள். முதல் பவளத்துக்கு முன்னாலேயே மீன் வந்துவிட வேண்டும். பவளம் நைட்ரேட்டை விட அம்மோனியத்தையே விரும்பி எடுக்கும், அதை விடாமல் கொடுப்பது மீனின் செவுள்தான். பாட்டிலில் நைட்ரேட் ஊற்றுவதை விட மீன் விட்டு அதற்குச் சோறு போடுவது எப்போதும் மேல்.

மீன் இரண்டு நிமிடத்தில் தின்று முடிப்பதைப் போல ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை போடுங்கள். பட்டினி போட்டுச் சத்தைக் குறைப்பது என்று ஒரு வழக்கம் இருக்கிறது, எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. ஒல்லி மீனும் வெளுத்த பவளமும்தான் மிஞ்சும். உறைய வைத்த உணவைக் கழுவிப் போட்டால் பாஸ்பேட் குறையும் என்றும் சொல்வார்கள். அந்தத் தண்ணீரோடு போவது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் இறாலின் சதைக்குள் இருக்கிறது. கழுவுவதும் கழுவாததும் உங்கள் விருப்பம்.

இந்த நேரத்தில் சத்தை வெளியேற்ற வைத்திருக்க வேண்டியது ஸ்கிம்மரும், இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை மாற்றும் ஃபில்டர் துணியும், வாரம் 10 சதவீதத் தண்ணீர் மாற்றமும் மட்டும். இரண்டே மீன் இருக்கும்போது ஸ்கிம்மரையே இரவில் மட்டும் ஓட்டினாலும் தப்பில்லை. ஜிஎஃப்ஓ பெட்டியைத் திறக்காமல் மூலையில் வையுங்கள்.

படி 6: அசிங்கமான மாதங்கள்

விளக்கு போட்ட சில வாரத்தில் மணலிலும் கண்ணாடியிலும் பழுப்புத் தூசி படியும். அது டயாட்டம் என்ற, சிலிகேட்டில் வளரும் நுண்பாசி. சிலிகேட் தீர்ந்ததும் தானாகப் போகும், ஒன்றும் செய்யாதீர்கள். அடுத்து பச்சை முடிப்பாசி வரலாம். கையால் பிடுங்குங்கள், டிரோக்கஸ், செரித் நத்தைகளை டேங்கின் அளவுக்குத் தக்கபடி விடுங்கள், விளக்கு எரிவதை நாளுக்கு எட்டு மணி நேரத்துக்குள் வையுங்கள். பாசியைக் கொல்வதற்காகச் சத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கினால் பாசிக்கு முன்னால் பவளம்தான் பட்டினியில் சாகும். சிவப்பு விரிப்பு மாதிரி வருவது சயனோ. உறிஞ்சி எடுத்து, அந்த மூலையில் நீரோட்டத்தைக் கூட்டுங்கள், பாஸ்பேட்டோடு பார்த்தால் நைட்ரேட் ரொம்பக் குறைவாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டைனோ வேறு ரகம். மூக்குச்சளி போன்ற பழுப்பு நூல்கள், நுனியில் குமிழி, காலையில் சுத்தமாக இருந்து மாலைக்குள் மறுபடி மூடிவிடும், நத்தைகள் அசையாமல் கிடக்கும். சந்தேகமிருந்தால் கொஞ்சத்தை உறிஞ்சி ஒரு குப்பியில் போட்டுக் குலுக்கி, டிஷ்யூ தாளில் வடிகட்டி, அந்தத் தண்ணீரை ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் வையுங்கள். மறுபடி நூல்நூலாகத் திரண்டால் டைனோதான். 400 மடங்கு காட்டும் சாதாரண மைக்ராஸ்கோப் ஒன்று இருந்தால் எது என்றே சொல்லிவிடலாம்: ஒரு பக்கம் கூராக, எலுமிச்சை விதை வடிவில், ஒரே இடத்தில் கட்டிப்போட்டது போலச் சுழன்றால் ஆஸ்ட்ரியோப்சிஸ்; முட்டை வடிவில் மணல் மேல் வழுக்கிக்கொண்டு போனால் ஆம்ஃபிடினியம்.

பெயர் தெரிவது ஏன் முக்கியமென்றால் வைத்தியம் வேறு. ஆஸ்ட்ரியோப்சிஸ் இரவில் மணலை விட்டு நீரில் மிதக்கும், அதனால் டேங்கிலிருந்தே நேராக இழுத்து அங்கேயே விடும்படி வைத்த யுவி விளக்கு நன்றாக வேலை செய்யும். அது விஷமும் சுரக்கும் என்பதால் ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். ஆம்ஃபிடினியம் மணலைவிட்டு வராது, யுவி பயனில்லை. சிலிகேட் சேர்த்து டயாட்டமை வளர்த்து அதோடு போட்டி போட வைப்பதுதான் இப்போதைக்கு நல்ல வழி. இரண்டுக்கும் பொதுவானது ஒன்று: நைட்ரேட்டை 10க்கும் பாஸ்பேட்டை 0.1க்கும் பக்கத்தில் கொண்டுவந்து அங்கேயே நிறுத்துவது. அதுவரை தண்ணீர் மாற்ற வேண்டாம். மூன்று நாள் இருட்டடிப்பு பார்க்க நன்றாக இருக்கும், சத்தைச் சரிசெய்யாமல் செய்தால் இரண்டு வாரத்தில் திரும்பி வரும்.

படி 7: குறைவாக இருந்தால் ஏற்றுவது

முதலில் சாப்பாட்டைக் கூட்டுங்கள், ஸ்கிம்மரைத் தளர்த்துங்கள், ரெஃப்யூஜியம் விளக்கைக் குறையுங்கள். இரண்டு வாரத்தில் எண் அசையாவிட்டால் மட்டும் பாட்டில்.

உங்கள் டேங்கின் உண்மையான தண்ணீர் அளவைக் கண்டுபிடியுங்கள். 200 லிட்டர் டேங்கில் பாறையும் மணலும் போக 160, 170 லிட்டர்தான் இருக்கும். நைட்ரேட்டுக்கு: சுத்தமான சோடியம் நைட்ரேட் 137 கிராமை ஆர்ஓ டிஐ தண்ணீரில் கரைத்து மொத்தம் 1 லிட்டராக்குங்கள். இதில் 1 மில்லி, 100 லிட்டர் தண்ணீரில் 1 பிபிஎம் ஏற்றும். பாஸ்பேட்டுக்கு: டிரைசோடியம் பாஸ்பேட் டோடெகாஹைட்ரேட் 4 கிராம், 1 லிட்டர். இதில் 1 மில்லி, 100 லிட்டரில் 0.01 பிபிஎம். டப்பாவில் அன்ஹைட்ரஸ் (நீரற்றது) என்று போட்டிருந்தால் 4 கிராமுக்குப் பதில் 1.7 கிராம்தான் வேண்டும், மறக்காமல் பாருங்கள். அந்தப் பொடி தோலை அரிக்கும், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். பாட்டிலில் பெரிய எழுத்தில் பெயர் எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

நாளொன்றுக்கு நைட்ரேட் 1 பிபிஎம், பாஸ்பேட் 0.02 பிபிஎம். இதற்கு மேல் அவசரம் வேண்டாம். நைட்ரேட் சொன்னபடி ஏறும். பாஸ்பேட் ஏறாது. மாலையில் போட்டது மறுநாள் காலையில் மாயமாகியிருக்கும், அதற்கடுத்த நாளும் அப்படித்தான், ஏனென்றால் பசியுள்ள பாறை வாங்கி வைத்துக்கொள்கிறது. பலர் இந்த இடத்தில் பொறுமையிழந்து ஐந்து மடங்கு ஊற்றிவிடுவார்கள். வேண்டாம். அதே அளவைத் தொடர்ந்து போட்டுக்கொண்டு, நாள்தோறும் டெஸ்ட் எடுங்கள். பாறை நிறைந்ததும் எண் தானாக நிற்க ஆரம்பிக்கும், அன்றைக்கே அளவைப் பாதியாக்குங்கள்.

படி 8: கூடிப்போனால் இறக்குவது

நைட்ரேட் 25, பாஸ்பேட் 0.2 வரை போனாலும் பவளம் நன்றாக விரிந்து, பாசியும் அடங்கி இருந்தால் நான் எதையும் தொடமாட்டேன். அதற்கு மேல் விடாமல் ஏறிக்கொண்டே போனால் முதலில் தேட வேண்டியது காரணத்தை: பாறைக்குப் பின்னால் செத்த மீன், மாற்றாத ஃபில்டர் துணி, சம்ப் (கீழ்த்தொட்டி) அடியில் கிடக்கும் கசடு, ரெசின் தீர்ந்த ஆர்ஓ.

வாரம் 10 சதவீதத் தண்ணீர் மாற்றத்தை நம்பி இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 20 பிபிஎம் நைட்ரேட், வாரம் 10 சதவீதம். புதிதாக ஒரு துளி சேராவிட்டாலும் 10க்கு வர ஏழு வாரம் ஆகும். மீன் தின்னும் டேங்கில் அதுவும் நடக்காது. தண்ணீர் மாற்றம் நல்லது, ஆனால் வேகமாக இறக்க அது வழியல்ல.

ரெஃப்யூஜியத்தில் சேட்டோ என்ற கொத்துப்பாசியை வளர்ப்பது எனக்குப் பிடித்த வழி. இரண்டையும் சேர்த்து எடுக்கும், இரவில் விளக்கு போட்டால் பிஎச் விழாமல் பார்த்துக்கொள்ளும், பிடுங்கி எறிந்தால் சத்து வெளியேறியது என்று கண்ணாலேயே பார்க்கலாம். சத்தில்லாத டேங்கில் அதுவே வெளுத்து உதிர்ந்துவிடும் என்பதால் எண் ஏறிய பிறகே போடுங்கள்.

ஜிஎஃப்ஓ பாஸ்பேட்டை மட்டும் பிடிக்கும். பெட்டியில் போட்டிருப்பதில் கால்வாசியோடு தொடங்குங்கள், புதுப்பொடி முதல் இரண்டு நாளில் பயங்கர வேகத்தில் இழுக்கும். வாரத்துக்கு 0.03க்கு மேல் இறங்கினால் அது அதிகம். சட்டென்று பாஸ்பேட் விழுவதை அக்ரோபோரா போன்றவை தாங்காது, தோல் உரிந்துவிடும். ஒரு மாதம் ஓடியும் எண் இறங்கவில்லையென்றால் ஜிஎஃப்ஓ கெட்டுப்போனது என்று நினைக்காதீர்கள், பாறை தன் பத்தாயத்தைக் காலிசெய்துகொண்டிருக்கலாம். ரியாக்டருக்குள் போகும் தண்ணீரையும் வெளியே வரும் தண்ணீரையும் தனித்தனியாக அளந்தால் தெரிந்துவிடும்.

வோட்கா, வினிகர், நோபாக்ஸ் வகையறா கார்பன் டோசிங்கை ஆறு மாதம் ஆகாத டேங்கில் வேண்டாம் என்பேன். கார்பனைத் தின்று பாக்டீரியா பெருகும்போது நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது, அந்த பாக்டீரியாவை ஸ்கிம்மர் வெளியே தள்ளுகிறது. வேலை செய்யும் முறைதான். ஆனால் அளவு கொஞ்சம் கூடினால் தண்ணீர் பால் மாதிரி கலங்கும், இரவில் ஆக்சிஜன் விழும், மீன் மேலே வந்து வாய் திறக்கும். பாஸ்பேட் ஏற்கெனவே பூஜ்யமாக இருந்தால் எவ்வளவு ஊற்றினாலும் நைட்ரேட் இறங்காது.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான், செய்துவிட்டு ஒரு வாரமாவது சும்மா இருங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று நோட்டைப் பார்த்தாலும் தெரியாது.

படி 9: ஆல்கலினிட்டியோடு உள்ள உறவு

சத்து குறைந்த டேங்கில் ஆல்கலினிட்டியை ஏற்றி வைக்காதீர்கள். 10 டிகேஎச்சுக்கு (ஆல்கலினிட்டியின் அலகு) மேல் வைத்து, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் எஸ்பிஎஸ் (அக்ரோபோரா போன்ற, சின்ன பாலிப் கொண்ட கல் பவளம்) நுனிகள் கருகும். எலும்பு வளரும் வேகத்துக்குச் சதை ஈடுகொடுக்காது என்று சொல்வார்கள். 7.5 முதல் 8.5 டிகேஎச் புது டேங்குக்குப் பத்திரமான இடம். சில உப்புகள் கலந்ததுமே 11, 12 காட்டும் என்பதால் உப்பு வாங்கும்போதே இதைப் பாருங்கள். ஜிஎஃப்ஓ போட்டால் ஆல்கலினிட்டி கொஞ்சம் இறங்கும், அதையும் அளந்துகொண்டே இருங்கள்.

படி 10: எப்போது எஸ்பிஎஸ்

ஊதா நிறக் கோரலைன் பாசி பாறையிலும் பம்பிலும் புள்ளிபுள்ளியாக வந்திருக்க வேண்டும், ஆல்கலினிட்டி நாளுக்கு நாள் கொஞ்சமாவது குறைய வேண்டும், எந்தப் பாட்டிலின் அளவையும் மாற்றாமல் ஆறு வாரமாவது இரண்டு எண்ணும் வரம்புக்குள் நின்றிருக்க வேண்டும். பல டேங்குகளில் இது ஆறு மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் நடுவில் நடக்கிறது. முதலில் எளிதான எஸ்பிஎஸ் வகைகளான மான்டிபோரா துண்டு ஒன்று, அல்லது பேர்ட்ஸ்நெஸ்ட். நான்கு வாரம் பாருங்கள். நிறம் வெளிறினால் பெரும்பாலும் சத்து போதவில்லை அல்லது வெளிச்சம் அதிகம், பழுப்பேறினால் சத்து அதிகம் அல்லது வெளிச்சம் போதவில்லை. எது என்று டெஸ்ட் கிட் சொல்லும். நிறமும் நுனி வளர்ச்சியும் நன்றாக இருந்தால் அக்ரோபோரா வைக்கலாம், டெஸ்டையும் வாரம் ஒன்றாகக் குறைத்துக்கொள்ளலாம். பவளங்கள் வளர வளர அவை தின்பதும் கூடும், சில மாதத்தில் நைட்ரேட் மெதுவாக இறங்க ஆரம்பிக்கும். அப்போது நைட்ரேட் பாட்டிலை எடுப்பதற்கு முன், டேங்கில் இன்னொரு மீனுக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.